ஒரு ஆள் வந்தால் பூசை

கோயில் வேலை என்றால் கும்பிடுகிற வேலை என்று நினைப்பவர்கள் ஒருநாள் வந்து தரையில் காய்ந்த மெழுகைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். ஏலெவல் பரீட்சையோடு போதும் என்று படிப்பை விட்டுவிட்டு, முதல் கிடைத்த வேலையில் மாட்டிக்கொண்ட தோழர்களே, இது உங்களுக்குத்தான். என் வேலை இங்கிலாந்தில், பிளேஸ்டோவில் ஒரு பழைய சேர்ச்சில். கதவு திறப்பது, கூட்டுவது, சாம்பிராணிக்குக் கரி மூட்டுவது, யாராவது கேட்டால் கழிப்பறை எங்கே என்று காட்டுவது.

நேர்முகம்

இது இங்கிலாந்துச் சபை. அரசர்தான் தலைவர்; பாப்பரசர், அதான் போப், இல்லை. ஆனால் உள்ளே போனால் மாதா சுரூபம், சாம்பிராணி, குருவிடம் பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனக் கூடு எல்லாம் இருக்கும். கத்தோலிக்கர் விட்டுவிட்டதைக்கூட இவர்கள் விடவில்லை. "சைவப் பிள்ளைக்கு அங்கை என்ன வேலை?" என்று அம்மா கேட்டா. அதே கேள்வியைப் பங்குக் குருவான ஃபாதர் மார்ட்டினும் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார். எனக்கு நம்பிக்கை ஒன்றும் இல்லை, ஆனால் விடிய எழும்ப ஏலும் என்றேன்.

அவர் யோசித்தது போலவே தெரியவில்லை. "பரவாயில்லை. நம்புகிறவர்கள் ஒருவராலும் விடிய எழும்ப முடிவதில்லை."

சங்கிலி

இங்கே தினமும் காலையில் பூசை. ஃபாதர் தனியாக வைக்கக் கூடாது. நற்கருணை அப்பம் வாங்க ஒரு ஆளாவது வேண்டும், அதுவும் ஞானஸ்நானம் பெற்ற ஆள். அதனால் நான் கணக்கில் இல்லை, தூணும் நானும் ஒன்று. சேர்ச் கட்டிய நாளிலிருந்து இந்தத் தினப் பூசை ஒருநாளும் தவறவில்லையாம். யுத்தத்தில் குண்டு விழுந்து கூரை போன மறுநாள்கூடக் குடை பிடித்துக்கொண்டு வைத்தார்களாம். கொரோனா ஊரடங்குக் காலத்தில் என்ன செய்தீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். இனிக் கேட்கமாட்டேன்.

இப்போது அந்த ஒரு ஆள் மிஸ் பெரில். சின்ன வயதில் பார்பேடோசிலிருந்து வந்தவர். மழையோ பனியோ, தொப்பியோடு முதல் வாங்குப் பலகையில் இருப்பார். முழங்கால் மடக்க ஏலாது, ஆனாலும் மடக்குவார். ஒருநாள் படுத்திருந்தால் என்ன என்று நான் நேராகவே கேட்டேன்.

"என் கையில் இந்தச் சங்கிலி அறுந்தால், மேலே போய் எனக்கு முன் இருந்தவர்களின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?"

இருமல்

இந்தச் சேர்ச்சின் முதல் பாதிரியாரை, கத்தோலிக்கர் மாதிரிச் சாம்பிராணி போட்டதற்காகக் கோர்ட்டுக்கு இழுத்தார்களாம், தெருவில் முட்டை எறிந்தார்களாம். அந்த எதிர்ப்பு இன்னும் ஓயவில்லை. மிஸ்டர் ஹாரல்ட் என்று ஒருவர் ஞாயிறுகளில் மட்டும் வருவார். தூபக்கலசத்தைக் கண்டதும் பெரிதாக இருமுவார். மிஸ் பெரில் திரும்பி முறைப்பார். ஒரு ஞாயிறு கரி ஈரம், மூளவே இல்லை. வெறும் கலசத்தைத்தான் சங்கிலியில் ஆட்டினோம். மிஸ்டர் ஹாரல்ட் வழமைபோல் இருமினார். பூசை முடிந்து வெளியே வரும்போது, இன்றைக்குப் புகையே இல்லையே என்று சொன்னேன்.

"நான் புகைக்கு இருமுவதில்லை. கொள்கைக்கு இருமுகிறேன்."

பாப்பரசர்

திரேசா அன்ரி யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். செவ்வாய்க்கிழமைகளில் ஷிப்டுக்குப் போகமுன் வந்து மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துவா. தங்கடை சேர்ச் என்றே நினைத்துக்கொண்டிருந்தா. பூசை வரை நின்றதில்லை, பஸ் போய்விடும். உண்மையைச் சொல்லட்டுமா என்று ஃபாதரிடம் கேட்டேன். கேட்டால் பொய் சொல்லாதே, கேட்காவிட்டால் மெழுகுதிரி எரியட்டும் என்றார். ஒருநாள் அன்ரியே, "பாப்பரசற்றை படம் எங்கை பிள்ளை?" என்று கேட்டா.

"இது பாப்பரசற்றை சேர்ச் இல்லை அன்ரி. இங்கிலாந்து அரசற்றை."

அன்ரி சுரூபத்தைப் பார்த்தா, கூட்டைப் பார்த்தா, தீர்த்தத் தொட்டியைப் பார்த்தா. பிறகு கொளுத்திய மெழுகுதிரியை நேராக்கி வைத்தா.

"பாப்பரசர் இல்லாமலே இவ்வளவு செய்திருக்கினம். பாவம் அதுகள்."

செவ்வாய்க்கிழமை

மிஸ் பெரில் படியில் வழுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுநாள் செவ்வாய். ஃபாதர் பூசை உடுப்போடு நிற்கிறார், வாங்குகள் வெறுமை. திரேசா அன்ரி மட்டும் மாதாவின் முன்னால். நான் போய், "அன்ரி, இன்றைக்கு மட்டும் நற்கருணை வாங்குங்கோவன், ஒரு ஆள் வேணும்" என்றேன். பெரிலின் கதையையும் சொன்னேன். அன்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏலாது பிள்ளை. வேறை சபையிலை வாங்கினால் எங்கடை சாமியாரிட்டைப் பாவமெண்டு சொல்ல வேண்டி வரும். மெழுகுதிரி வேணுமெண்டால் இன்னொண்டு கொளுத்துறன்" என்றா. இரண்டாவதையும் கொளுத்திவிட்டு, பஸ்ஸையும் விட்டுவிட்டு, அங்கேயே நின்றா.

நேரம் போனது. ஃபாதர் தோளில் இருந்த பட்டியைக் கழற்றத் தொடங்கினார். நான் கதவடியில் நின்று தெருவைப் பார்த்தேன். நம்பிக்கை இல்லாத நான் படியிறங்கி நடுத்தெருவரைக்கும் போனேன். அப்போது தெரு மூலையில் மிஸ்டர் ஹாரல்ட். மேலே கோட், கீழே பைஜாமா. பெரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி போன் எடுத்து, நீ போகாவிட்டால் நான் கட்டிலோடு போவேன் என்றாராம். மிஸ்டர் ஹாரல்ட் முதல் வாங்கில் போய் இருந்தார். வார நாட்களில் சாம்பிராணி கிடையாது. ஃபாதர் பீடத்தில் ஏறியதுமே அவர் இருமினார்.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போய், பூசை நடந்தது என்று சொன்னேன். மிஸ் பெரில் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "இருமினாரா?" என்றார். புகையே இல்லை, ஆனாலும் இருமினார் என்றேன்.

"அப்படியானால் அவர் எங்கள் ஆள்தான்."

ஆக, நம்புவது அவர்கள் வேலை, ஒரு ஆளாவது வருதா என்று தெருவைப் பார்ப்பது என் வேலை. இரண்டில் எதற்குக் கூடுதல் நம்பிக்கை வேண்டும் என்பதை யூனிவர்சிட்டி போனவர்கள் யாராவது சொல்லட்டும்.