அம்மாவுக்கு ஏறிய பயம்

தேயிலைத் தோட்டத்தின் பின்மலை சரிந்து பக்கத்து லயத்து வீடுகளை மண் மூடிய நாளிலிருந்து, வானம் இருட்டினாலே எனக்குக் கைகால் ஜில்லிட்டுவிடும். பள்ளிக்கூடம் நின்றுபோனது. கயிறு மந்திரித்துக் கட்டியும் பயம் தெளியவில்லை. கடைசியில் யாரோ சொன்னார்கள் என்று, அம்மா மடுல்கெல்லையிலிருந்து பஸ் ஏற்றி என்னைக் கண்டிக்குக் கூட்டிப் போனாள். மூளைக்குள் ஓடுவதைக் கம்ப்யூட்டரில் காட்டும் மெஷின் அங்கே இருக்கிறதாம். கேட்டதுமே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

தகரக் கூரை போட்ட சின்ன அறை. நடுவில் உட்கார ஒரு கதிரை. அதைச் சுற்றிப் பாம்புக்குட்டிகள் போல வயர்கள். விரலுக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று, நெற்றிக்கு இரண்டு. மெஷினை இயக்கும் யாழ்ப்பாணத்து மிஸ் ஒருவர் ஈரப் பஞ்சோடு என் நெற்றித் திருநீற்றைத் துடைக்க வந்தார். திருநீறு இருந்தால் வயர் ஒட்டாதாம். ஐயோ, எனக்கு இருந்த ஒரே காவல் அதுதானே! அம்மாவின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீரிட்டேன்.

“நோகாது பிள்ளை. முதல்ல அம்மாவுக்குப் போட்டுக் காட்டுறன்,” என்றார் மிஸ்.

“போடுங்க மிஸ். எனக்கென்னா பயம்?” என்று அம்மா தன் நெற்றியைத் தானே துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். மலை சரிந்த அன்றைக்கும் அழாதவள் அல்லவா! திரையில் பச்சைக் கோடு நிதானமாக ஓடியது. பயந்தால் அது மேலே ஏறும், மனம் அடங்கினால் இறங்கும் என்று மிஸ் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தகரத்தில் சடசடவென்று மழை விழுந்தது.

கோடு எகிறியது. எகிறிய இடத்திலேயே நின்றது. அம்மாவோ என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“மெதுவா மூச்சை விடுங்கோ,” என்று மிஸ் குரலைத் தணித்துக்கொண்டார்.

“மெஷின்ல ஏதோ கோளாறு மிஸ்,” என்றாள் அம்மா.

கோளாறாவது ஒன்றாவது! என் பயம்தான் முந்தானை வழியாக அவளுக்குள் இறங்கிவிட்டது. துடைத்த நெற்றியில் அதைத் தடுக்க என்ன இருக்கிறது? அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் கதி என்ன? அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டுமென்று, அம்மாவை எழுப்பிவிட்டு நானே கதிரையில் ஏறி உட்கார்ந்து நெற்றியைக் காட்டினேன். கெட்டிக்காரி என்று மிஸ் மெச்சினார்.

திரும்பும்போதும் மழை விடவில்லை. பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. நனைந்ததால் என்று நினைத்தேன்.

மழை நாட்களில் அம்மா படுக்காமல் கதவோரம் உட்கார்ந்தே இருப்பாள். எனக்குக் காவல் இருக்கிறாள் என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.