பந்தடிக்கக் கொண்டுவந்த மாப்பிள்ளை

எங்கள் ஊர் ஹொக்கி அணியைக் கலியாணம்தான் அழித்தது.

மட்டக்களப்புப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பார். அதன்பிறகு அவளுடைய ஊர்தான் அவருக்கும் ஊர். கோயில் வரி அங்கே, வாக்குப் போடுவது அங்கே, ஹொக்கி விளையாடுவதும் அங்கே. அறுபதுகளின் நடுவில் ஒரு வருடம், எங்கள் அணியில் ஓடக்கூடிய கால் உள்ள அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தாலி கட்டினார்கள். ஒருவன் களுதாவளைக்குப் போனான், ஒருவன் ஆரையம்பதிக்கு, இன்னொருவன் வாவியைக் கடந்து வெல்லாவெளிப் பக்கம். மறுவருடம் அதே ஆட்கள் அந்தந்த ஊர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து எங்களுக்கு கோல் அடித்தார்கள். அடித்துவிட்டு, கொஞ்சமும் வெட்கமில்லாமல் தாய் வீட்டுக்குப் போய் மீன் ஆணமும் சோறும் தின்றுவிட்டு பஸ் ஏறினார்கள்.

அந்தத் தாய்மார் இரண்டாந்தரமும் சோறு போட்டார்களாம். என் மாமாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். ஊர் ஹொக்கிக் கழகத்துக்கு அவர் தலைவர், பள்ளிக்கூட வாத்தியாரான என் அப்பா செயலாளர். எங்கள் முற்றத்தில்தான் கூட்டம் நடக்கும். கூட்டம் என்று சொல்வது மரியாதைக்கு. இரண்டு பேரும் கத்துவார்கள், மற்றவர்கள் வெற்றிலை போடுவார்கள்.

"சின்னப் பொடியனுகளப் புடிச்சிப் பழக்குவம் மச்சான். நாலஞ்சு வருசத்தில நல்ல டீம் ஒண்டு வரும்" என்றார் அப்பா.

"நாலஞ்சு வருசத்தில அவனுகளுக்கும் மீச மொளச்சிரும். மறுகா அவனுகளயும் எவளாவது கூட்டிக்கிட்டுப் போயிருவாள். நீங்க பழக்கிறது ஊரானுக்கு!"

அப்பா வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். மாமா விடவில்லை. "நம்மட ஊரில கொமருகள் இல்லயா? நம்மட ஆக்கள அவனுகள் எடுத்த மாதிரி, அவனுகள்ட விளஞ்ச ஆக்கள நாம எடுப்பம்."

முற்றத்தில் இருந்த எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

நான் ஒரு ஹொக்கி மட்டையின் பிடிக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தேன். பட்டணத்தில் விடுதியில் இருந்து படித்த காலத்தில் பள்ளி அணியில் விளையாடியவள். படிப்பு முடிந்து வீட்டோடு இருந்தேன். பின்னேரங்களில் வாவிக்கரைப் புல்வெளியில் மாடுகளை விரட்டிவிட்டு, அப்பாவோடு சேர்ந்து ஊர்ப் பொடியன்களுக்குப் பந்தடிக்கப் பழக்குவதுதான் என் வேலை. வளைந்த புளியங்கொப்புதான் அவர்களுக்கு மட்டை. ஆக, நான் அப்பாவின் கட்சி. மாமாவின் கட்சிக்கோ நான்தான் கைமுதல்.

மாமா முதலில் ஆரையம்பதியின் கோல்காப்பாளரை விசாரித்தார். பார்த்தால் எங்கள் தாய்வழிக் குடிதான் அவருக்கும். ஒரே குடிக்குள் கொடுக்கல் வாங்கல் இல்லை, அதனால் நல்லதொரு கோல்காப்பாளர் கை நழுவிப் போனார். அடுத்தது களுதாவளையின் சென்டர் போவர்ட். குடி வேறு, வயது சரி, சாதகமும் பொருந்தியது. சாதகக்காரர் கிரகங்களைப் பார்த்தாரோ கோல்களைப் பார்த்தாரோ தெரியாது.

எனக்குக் கோபம் வந்தது. "நான் என்ன மாடா, மாத்திக் கொள்ள?" என்று அம்மாவிடம் குதித்தேன். அந்தக் கோபம் பகல் சோறு வரைக்கும் நின்றது. ஏனென்றால் அந்த மனுசனின் விளையாட்டை நான் பார்த்திருக்கிறேன். பந்து அவருடைய மட்டையில் ஒட்டிக்கொண்டு ஓடும். எங்கள் பின்வரிசையை அவர் கடந்துபோகும்போது, சொந்த ஊர் தோற்கிறதே என்ற கவலை துளியும் இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றவள் நான். அவரே வீட்டுக்கு வரப்போகிறார் என்றால்! பின்னேரம் பொடியன்களைப் பழக்கப் போய், எந்தப் பக்கம் கோல் என்பதே மறந்துபோய் நின்றேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. வீடு, ஊர் வயல்வெளியான வட்டையில் கொஞ்சம் நிலம், இவற்றோடு அணித்தலைவர் பதவியும் கொழும்பிலிருந்து ஒரு புது மட்டையும் தருவதாக மாமா சொல்லியிருந்தார். அவர் ஓம் சொன்னது எனக்கா, மட்டைக்கா? பெண் பார்க்க வந்த அன்று நிலத்தைப் பார்த்தபடி பால்ரொட்டி தின்றாரே தவிர என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. கலியாணம் முடிந்த பிறகும் அதை எப்படிக் கேட்பது? கேட்கவில்லை.

அதற்குள் ஊர் தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

புது மாப்பிள்ளையை வீடு வீடாக அழைத்து விருந்து கொடுப்பது எங்கள் வழக்கம். சாதாரண மாப்பிள்ளைக்கே மூச்சு முட்டும். இவர் ஊரின் மானத்தைக் காப்பாற்ற வந்தவர். "வெளயாடுற புள்ள, நல்லாத் தின்னட்டும்" என்று ஒவ்வொரு வீட்டிலும் போட்டி போட்டுக்கொண்டு படைத்தார்கள். வாவி நண்டு ஒரு வீட்டில் என்றால் அடுத்த வீட்டில் இறாலும் நாட்டுக்கோழியும். எருமைத் தயிரும் தேனும் எல்லா வீட்டிலும் உண்டு. மாமா தன் பங்குக்கு ஒரு கிடாயே வெட்டினார். அம்மாவோ, விருந்து முடித்து வந்த மனுசனிடம், "வெளிச்சாப்பாடு வயித்துக்கு ஒத்துக்காது மனே" என்று சொல்லி மறுபடி இலை போட்டார். அவர் எதற்குமே மறுப்புச் சொல்லவில்லை.

விளையாட்டுக் காலம் வந்தபோது, பழைய காற்சட்டையின் பொத்தான் துளைக்குக் கிட்டவும் போகவில்லை. முதல் நாள் பயிற்சிக்கு ஊரே திரண்டு வந்தது. அவர் நடு மைதானத்திலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். பாதி வழியில் நின்றார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தே விட்டார். என்னிடம் பந்தடிக்கப் பழகிய எலும்பன் பொடியன் ஒருவன் பக்கத்தில் போய், "அத்தான், பந்த எடுக்கட்டா?" என்று மரியாதையாகக் கேட்டு எடுத்துக்கொண்டு போனான்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது.

"ஏமாத்திப் போட்டானுகள்! ஓடாத ஆளத் தந்து ஏமாத்திப் போட்டானுகள்!" என்று எங்கள் முற்றத்தில் நின்று கத்தினார், கிடாய் வெட்டிப் போட்டவர் அவர் இல்லை என்பது போல. உள்ளே இருந்த இவருக்கு அது கேட்டது. நான் அவருடைய பெட்டி இருந்த மூலையைப் போய்ப் பார்த்தேன். ரோசப்பட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டால்? அப்படிப் போன மாப்பிள்ளைமார் எங்கள் பக்கத்தில் திரும்பி வருவதில்லை.

களுதாவளையோடு விளையாட்டு வந்தது. வேறு வழியில்லாமல் மாமா அப்பாவிடம் விட்டுவிட்டார். அப்பா முன்வரிசை முழுக்க எங்கள் பொடியன்களைப் போட்டார். மருமகனைப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, "நீங்க கோலுக்குள்ள நில்லுங்க தம்பி. எடத்த அடச்சிக்கிட்டு நிண்டாப் போதும்" என்றார்.

அடைத்துக்கொண்டுதான் நின்றார். அவருடைய பழைய கூட்டாளிகள் சிரித்துச் சிரித்து அடித்த பந்துகள் தொடையிலும் மட்டையிலும் பட்டுக் கீழே விழுந்தன. அவருடைய தாய், என் மாமி, களுதாவளையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். மகனின் வயிற்றைப் பார்த்து, "என்ட புள்ளய நல்லா வெச்சிருக்காங்க" என்று என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். எந்த ஊர் கோல் போட வேண்டும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. கடைசியில் அந்த எலும்பன் ஒன்று போட்டான், அவர்களும் ஒன்று போட்டார்கள், ஆட்டம் சமநிலையில் முடிந்தது. நாங்கள் வென்றதாகவே முடிவு செய்து வெடி கொளுத்தினோம். மாமா அப்பாவைக் கட்டிப் பிடித்து, பொடியன்களைப் பழக்குவது தன் யோசனை என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் என் புருசனுக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றினேன். தொடையெல்லாம் பந்து பட்டுக் கன்றியிருந்தது. இனியும் அடக்க முடியவில்லை.

"களுதாவளைக்கே போயிருவமெண்டு யோசிக்கிறீங்களோ?"

"ஏன் போகணும்?"

"மாமா அப்பிடிக் கத்தினாரே."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒங்கட மாமா கலியாணம் பேச வந்து, கிரவுண்டப் பத்திச் சொன்னார், கப்பப் பத்திச் சொன்னார். பொண்ணப் பத்தி ஒரு சொல்லுச் சொல்லல்ல. நீங்க எல்லாரும் எடுக்கிறது என்னையா, என்ட மட்டையையா எண்டு எனக்கு விளங்கல்ல. ஓட ஏலாமப் போனா அந்த வீட்டில வெச்சிருப்பாங்களோ, பாப்பமெண்டுதான் தின்னத் தொடங்கினன்." வயிற்றைத் தடவிக்கொண்டார். "மறுகா ருசி புடிச்சிட்டு. நிப்பாட்ட ஏலல்ல."

வாளி என் கையிலேயே நின்றுவிட்டது. இத்தனை நாளும் எனக்கிருந்த அதே பயத்தோடு இந்த மனுசன் ஊர்ச் சோறு முழுவதையும் தின்று தீர்த்திருக்கிறார்! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இப்ப வெளங்கினதா?" என்று கேட்டேன்.

"ஒங்கட அம்மாவும் ஊரும் வெச்சிருப்பாங்க எண்டு வெளங்கிட்டு. நீ ஒண்டும் சொல்லல்லயே."

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் புருசனிடம் அப்படி வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் சொன்னேன். சந்தோசத்தில் சத்தம் என் பிடியில் இல்லை.

"எனக்கு நீங்கதான் வேணும்! மட்டைய அடுப்பில வெச்சாலும் எனக்குக் காரியமில்ல!"

குசினிக்குள் அம்மாவின் கையிலிருந்து அகப்பை விழுந்த சத்தம் கேட்டது.