விசிறி கேட்ட நெயாக்தா

சாமி இறங்குவதற்கு முன் சொகீம் தையல் இயந்திரத்தின் விசையை அணைத்துவிடுவாள். கத்தரிக்கோலைப் பக்கத்துப் பெண்ணைக் குத்திவிடாத இடத்தில் தள்ளி வைப்பாள். அதற்குப் பிறகுதான் கொண்டை அவிழும், குரல் தடிக்கும். கம்போடியாவில், நோம்பென் நகருக்கு வெளியே, கடல் தாண்டிய ஒரு நாட்டின் அரசு மருத்துவமனைகளுக்குச் சீருடை தைக்கும் அந்தத் தொழிற்சாலையில், மண்ணின் காவல் தெய்வமான நெயாக்தா அவள் உடம்பில்தான் வரும்.

"டேய் பேராண்டி ஹெங், என் நிலத்துல கொட்டகை போட்டுட்டு எனக்கே மூச்சு முட்ட வைக்கிறியாடா? ஜன்னலத் தொறடா. விசிறி மாட்டுடா."

மற்ற நாளில் மேலாளர் ஹெங்கை நிமிர்ந்து பார்த்தாலே வேலை போய்விடும். சாமி பேசினால் கைகூப்பி நிற்பார். மறுநாள் வறுத்த பன்றியும் வாழைத்தாரும் ஊதுபத்தியும் வாசலில் இருக்கும் குட்டிச் சாமி வீட்டுக்கு வந்து சேரும். விசிறி வராது. பன்றி மலிவு.

"ஏன்க்கா, சாமித் தாத்தா பன்னியா கேட்டாரு?" என்று காலையில் லாரியில் நெருக்கியடித்து நின்று வரும்போது தோழிகள் சீண்டுவார்கள்.

"எனக்கென்னடி தெரியும்? வந்தது சாமி. கறியில எனக்கு ரெண்டு துண்டு எடுத்து வைங்க."

அவளுக்கு நம்பிக்கை உண்டா என்று யாரும் கேட்பதில்லை. கேட்பதே தவறு. தொழிலாளியின் வாயைத் தைத்துவிட்ட இடத்தில் சாமிக்கு மட்டும்தான் வாய் இருக்கிறது. அதை இரவல் வாங்குகிறாள்.

தங்கை லீடாவுக்குக் கறை மேசையில் வேலை. துணியில் விழுந்த எண்ணெய்ப் பொட்டின் மேல் மருந்தைப் பீய்ச்சித் தேய்க்க வேண்டும். நெடி மண்டையைப் பிளக்கும். லீடா வாயும் வயிறுமாக இருக்கிறாள். இந்த மழைக்காலத்தில் பலமுறை மயங்கி விழுந்துவிட்டாள்.

சீருடை வாங்கும் அரசிடம் ஒரு சட்டம் இருக்கிறது: உழைப்பவரை வதைக்கும் இடத்தில் ஒரு சட்டைகூட வாங்கக் கூடாது. நல்ல சட்டம். தன் கையில் அழுக்குப் படாத சட்டமும்கூட. குறை தெரிந்தால் கொள்முதலை நிறுத்தும். குறை தீரும்வரை கூடவே நிற்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. போன ஆண்டு பக்கத்துத் தொழிற்சாலைப் பெண்கள் ஆய்வுக்கு வந்தவர்களிடம் உள்ளதைச் சொன்னார்கள். கொள்முதல் வேறு நாட்டுக்குப் போயிற்று, கதவுக்குப் பூட்டு விழுந்தது. வேலை இழந்தவர்கள், உண்மை சொன்ன அந்தப் பெண்களைச் சந்தையில் பார்த்தால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கடலுக்கு அப்பால் யாரோ மனசாட்சி உறுத்தாமல் தூங்கினார்கள்.

நேற்று அந்த அரசின் ஆய்வாளர் அம்மா வந்தார். ஹெங்கை வெளியே நிறுத்திவிட்டுச் சொகீமைத் தனியறைக்கு அழைத்தார். பரிவாகத்தான் கேட்டார். மொழிபெயர்த்தவள் சொன்னாள்: "இங்க அடிக்கடி மயங்கி விழுறாங்களாமே, ஏன்னு அம்மா கேக்குறாங்க. பயப்படாதீங்கக்கா. உங்க பேரு வெளிய வராது."

"பேரு வராது, சரி. சொன்னா எங்க வேலை இருக்குமான்னு கேளும்மா."

ஆய்வாளர் பேனாவை உருட்டியபடி ஏதோ சொன்னார். "அது அவங்க கையில இல்லியாம்," என்றாள் மொழிபெயர்த்தவள்.

"அப்ப சாமி குத்தம்னு சொல்லு. நெயாக்தாவுக்குப் படையல் போட்டாச்சு. சரியாயிடும்."

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். விசிறி கேட்ட சாமியின் தலையிலேயே பழி விழுந்தது.

வெளியே வந்த சொகீம் தன் இயந்திரத்துக்குப் போகவில்லை. நேராகக் கறை மேசைக்குப் போனாள்.

"என்னக்கா கேட்டாங்க?" என்றாள் லீடா.

"எந்திரி. என் மிஷின்ல போய் உக்காரு."

"ஹெங் திட்டுவாருக்கா."

சொகீம் தங்கையின் கையிலிருந்த மருந்துப் புட்டியை வாங்கி, அதன் வாயை அவள் பக்கமிருந்து தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, அடுத்த சீருடையை விரித்தாள்.