உடன் வருபவரின் பெயர்

ஒரு விண்ணப்பத்தில் குறைகள் இருந்தால் அவை அனைத்தையும் ஒரே தடவையில் சுட்டிக்காட்டித் திருப்ப வேண்டும். ஒன்றைத் திருத்திக் கொண்டுவந்த பிறகு அடுத்ததைக் காட்டக் கூடாது. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தபோது, புதிதாகச் சேரும் எழுத்தர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இந்த விதியைத்தான். மீறியவர்களிடம் எழுத்து மூலம் விளக்கமும் கேட்டிருக்கிறேன். என் உடன்பிறந்த அண்ணனின் விண்ணப்பத்தில் மட்டும் நானே அதை மீறினேன். அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு எழுதித் தரும்படி மதினி கேட்டார்கள். இதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் பொய்யாகிவிடும்.

அண்ணன் ஏழாயிரம்பண்ணையில் பிறந்தார். அப்பா தீப்பெட்டி ஆபீசில் கணக்கெழுதியவர். இரண்டு பிள்ளைகளில் ஒருவர் படிக்கத்தான் வீட்டில் வழி இருந்தது. அது தம்பியாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, எட்டாம் வகுப்போடு சிவகாசி அச்சகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர் அண்ணன். நான் நன்றியோடு இருந்திருக்க வேண்டும். பொறாமையோடுதான் இருந்தேன்.

பின்னாளில் அண்ணன் சொந்தமாக லேபிள் அச்சகம் வைத்தார். எங்காவது பட்டாசு ஆலையில் வெடி விபத்து என்று தகவல் வந்தால், ஓடுகிற இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேனை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீட்டு மனு எழுதிக் கொடுத்தது நான். ஒரு மனுகூடத் திரும்பி வந்ததில்லை. இருந்தும் அவர்கள் கும்பிட்டது அண்ணனைத்தான். பணி ஓய்வு பெற்ற நாளில்கூட என்னை ஒருவர் இன்னொருவருக்கு ‘லேபிள் பிரஸ் அண்ணாச்சியோட தம்பி’ என்றுதான் அறிமுகப்படுத்தினார்.

அண்ணனுக்கு மீன்பிடிக்கும் பழக்கம் வந்தது தேயிலைப் பொட்டல லேபிள் ஆர்டருக்காக மலைக்குப் போன இடத்தில். அங்கிருந்த தோட்ட மேலாளர் ஓடையில் டிரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிப்பதைக் காட்டிக்கொடுத்தார். அதன் பிறகு தீபாவளி சீசனும் காலண்டர் சீசனும் முடிந்து பொங்கல் கழிந்ததும் அண்ணன் மலையில் இருப்பார். புழுவோ இரையோ கிடையாது. கறிக்கடையில் வாங்கி வந்த சேவலின் கழுத்து இறகையும், அச்சகத்தில் மிஞ்சிய ஜிகினாத் தாளின் இழையையும் தூண்டில் முள்ளில் நூலால் சுற்றி, பொய்யாக ஓர் ஈ கட்டுவார். அந்த ஈ நிஜப் பூச்சி விழுவது போலத் தண்ணீரில் விழ வேண்டும். பிடித்த மீனைக் கை நனைத்துத் தொட்டு, முள்ளை எடுத்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுவார். பிடித்ததை விடுவதற்கு எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று நான் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு முறை என்னையும் கூட்டிப்போனார். அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணிவிடலாம், அப்படித் தெளிந்த தண்ணீர். கரையோரம் பழுப்பு நிறத்தில், உடம்பெல்லாம் புள்ளியோடு, நீரோட்டத்தை எதிர்த்து ஒரு மீன் நின்றது. அண்ணன் அதன் பின்பக்கமாகக் குனிந்து போய்க்கொண்டிருந்தார். நன்றாகப் பார்க்கலாமே என்று நான் கரையில் ஏறி நின்றேன். என் நிழல் தண்ணீரில் விழுந்தது. மீனைக் காணோம்.

“ஏலே, வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி நிக்கியே. அது ஓடாம என்னலே செய்யும்?” என்று சிரித்தார் அண்ணன்.

அடுத்த ஆண்டு முதல் அவருடன் போனவர் விருதுநகர் பருப்பு மண்டி பாய். ஒவ்வோர் ஆண்டும் அவர்தான். திரும்பி வந்து இருவரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தப்பிய மீனைப் பற்றிப் பேசிப் பேசிச் சிரிப்பார்கள். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

அண்ணனின் இதயம் பலவீனப்பட்ட பிறகு, மெதுவாக நடப்பதானால் ஒரு முறை மலைக்குப் போய் வரலாம் என்று மருத்துவர் சொன்னார். அண்ணன் போக விரும்பியது அதே ஓடைக்கு. இப்போது அது வனத்துறையின் காப்புப் பகுதிக்குள் இருப்பதால் முன் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை நிரப்பி, சரிபார்த்து அனுப்பச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார்.

முதல் நாள், தகப்பனார் பெயரின் முதலெழுத்து இல்லை என்று திருப்பினேன். திருத்தி வந்ததும், புகைப்படத்தின் மேல் கையெழுத்து குறுக்கே விழவில்லை என்றேன். மூன்றாவது தடவை மாடிப்படி ஏறி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. பிடிக்க விரும்பும் மீன் என்ற இடத்தில் ‘பளுப்பு டிரவுட்’ என்று இருந்தது. அண்ணனுக்கு ழகரம் பேச்சிலும் வராது, எழுத்திலும் வராது.

“அண்ணே, இது பளுப்பு இல்ல, பழுப்பு.”

“மீனுக்குத் தெரியுமாலே?”

“ஆபீசுக்குத் தெரியும்.”

அதையும் திருத்தினார். ஆறாம் பத்தி, ‘உடன் வருபவரின் பெயர்’, காலியாக இருந்தது.

“அத நான் எழுதிக்கிடுறேன். நீ பாத்தது போதும் புகளு” என்று சொல்லி, தாளைக் கையால் மறைத்து எழுதி, உறையை அவரே ஒட்டிக் கொடுத்தார். வேறு யார் பெயர், பாய் பெயர்தான் என்று நினைத்தேன்.

அந்த உறை என் பீரோவில் சில வாரங்கள் இருந்தது.

“பதில் வந்துச்சாலே?” என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“கவர்மெண்டு வேலைண்ணே. மெதுவாத்தான் வரும்” என்று சொன்னேன். நான் உழைத்த அரசின் மேலேயே பழி போட்டேன்.

அண்ணனை மருத்துவமனையில் சேர்த்த அன்று வழியில் இறங்கி அதைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடைசி மாலையிலும் அண்ணன் கேட்டார். வந்துவிடும் என்றேன். தலையை அசைத்துவிட்டு, “நெழலு தண்ணில விழாமப் பாத்துக்கணும்” என்றார். யாரிடம் சொல்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அண்ணனைக் கைவிடாமல் பார்த்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், மூன்று நாள் இயந்திரம் ஓட்டாமல் வாசலிலேயே இருந்த அச்சகத் தொழிலாளர்களுக்கும், வெடி விபத்தில் ஆளை இழந்து, எம். புதுப்பட்டியிலிருந்து வேன் பிடித்து வந்து நின்ற குடும்பங்களுக்கும் எங்கள் வீடு கடன்பட்டிருக்கிறது. மலைமேல் ஓர் அலுவலகத்தில் இருக்கும், பெயர் தெரியாத எழுத்தர் ஒருவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். அந்த விண்ணப்பத்தில் ஒரு குறை மிச்சம் இருந்தது. அவர் அதைத் திருப்பவில்லை, தாமதிக்கவும் இல்லை.

அவர் அனுப்பிய உறை வந்தபோது பாய் என் பக்கத்தில் இருந்தார். நான் பிரித்தேன். அனுமதிச் சீட்டோடு அண்ணன் எழுதிய விண்ணப்பத்தின் நகலும் உள்ளே இருந்தது. ஆறாம் பத்தியில் ‘புகளேந்தி, தம்பி’ என்று இருந்தது.

“ஒங்களுக்குத் தெரியாதா தம்பி?” என்றார் பாய். “மூட்டு வலின்னு நான் அப்பவே வரலைன்னுட்டேனே. ‘நீ வந்தாலும் இந்தத் தடவ ஒனக்கு இடமில்ல. ஒருக்காச் சிரிச்சதுக்கு அவன் அப்புறம் வரவே இல்ல. எப்படியாச்சும் கூட்டிப் போயிரணும்’னு அண்ணாச்சி சொன்னாகளே.”

என் பெயர் புகழேந்தி. பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருத்த மனு கொடுத்தாக வேண்டும் என்பது விதி. இதுவரை நான் கொடுக்கவில்லை. கொடுக்கப் போவதும் இல்லை. அனுமதி கிடைத்த நாள், அண்ணனின் பதினாறாம் நாள்.