மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுத உட்காருவதே அதிகப்பிரசங்கித்தனம். பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிற ஆள் நான். எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க முடியாது என்கிற தைரியம்தான்.

கோரிப்பாளையத்தில் சைக்கிள் உதிரிபாகக் கடையில் வேலை. வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டரில் எண்கள் செய்வேன். மூன்றில் ஒரு பங்கு என்று கேட்டால் கம்ப்யூட்டர் 0.3333 என்று போய், ஓரிடத்தில் வெட்டிவிடும். மிச்சம் எங்கே போனது? எனக்குப் பொறுக்கவில்லை. வீடியோ பார்த்துக் கற்று, பின்னத்தைப் பின்னமாகவே வைத்திருக்கிற ஒரு புரோகிராம் துண்டு எழுதினேன்; கிளாஸ் என்பார்கள். ரவுண்ட் செய்யும் வழியை அதில் வைக்கவே இல்லை. பிறகு அந்த எண்களை நீளம், அகலம், ஆழம் என்று எத்தனை பக்கமும் அடுக்க அரே என்கிற ஒரு கட்டம்.

சாப்பாட்டு மேசை முழுக்கக் கம்ப்யூட்டர். நாங்கள் தரையில் சாப்பிட்டோம்.

"ஒருத்தருக்காவது இது ஒதவுச்சுன்னா மேசையில கெடக்கட்டும். இல்லேன்னா பரணுக்குத்தான்" என்றாள் மனைவி.

அவள் தம்பி சமயநல்லூரில் சமையல் மாஸ்டர். அவனுடைய பதார்த்தம், சாமான், ஆள் எண்ணிக்கை மூன்றையும் மூன்று பக்கமாக அடுக்கி வைத்தேன். ஒரு காதுகுத்துக்குச் சாமான் வாங்கப் போன இடத்திலிருந்து போன் செய்தான்.

"மச்சான், சாம்பார்பொடி எம்புட்டு?"

"எத்தன பேரு மாப்ள?"

"முந்நூத்தம்பது, முன்னப்பின்ன."

"முன்னயா, பின்னயா?"

"மச்சான், கடையில நிக்கிறேன்!"

முந்நூற்றைம்பது என்று தட்டினேன். 35/12 என்று வந்தது. "பன்னெண்டுல முப்பத்தஞ்சு கிலோ."

"அந்தப் பாக்கெட்டு எந்தக் கம்பெனி போடுறான்?"

மூன்று என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது மூன்று இல்லையே. "மூணு கிலோவுக்குப் பன்னெண்டுல ஒரு பங்கு கொறவு மாப்ள" என்றேன். அந்தப் பக்கம் கடைக்காரர் சிரிப்பது கேட்டது.

மனைவி போனைப் பிடுங்கினாள். "மூணு கிலோ வாங்குடா."

காதுகுத்தில் சாம்பார் நன்றாகவே இருந்தது. "எல்லாம் மச்சான் கம்ப்யூட்டர் போட்ட கணக்கு" என்று பந்தி நடுவில் நின்று கத்தினான். நான் கைகழுவும் குழாய்ப் பக்கம் ஒதுங்கிவிட்டேன்.

மனைவி விடவில்லை. "மூணுன்னது நானுடா."

"கம்ப்யூட்டரு சொன்னத வச்சுத்தானக்கா நீ மூணுன்ன?"

வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தாள். செருப்பைக் கழற்றும்போது, "சரி, பாதி மேசை" என்றாள்.

மறுநாள் டேப் வைத்து மேசையை அளந்து, நடுவில் சாக்பீஸால் கோடு போட்டேன். கம்ப்யூட்டர் சுவரோரம் போனது. மற்றப் பாதியில் இட்லி சாப்பிட்டோம்.