ஒன்பதாம் செவ்வாயில் புரிந்த துணைவினை

அன்பிய உறவுகளே, ஆண்டவர் பெயரால் உங்கள் எல்லாரையும் வணங்கி எழுதுகிறேன். போன ஞாயிறு நம் அன்பியத்தின் செபக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று இதைச் சொல்லத் தொடங்கியபோது பாதியிலேயே சிரித்துவிட்டீர்கள். எனக்குக் கோபம் வந்து உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் நம் கோயிலின் பங்கு மடலுக்கு எழுதித் தருகிறேன். சிரிக்க வேண்டியவர்கள் இந்த இடத்திலேயே சிரித்து முடித்துக்கொள்ளுங்கள்.

நம் கூட்டத்தில் இதுவரை சாட்சி சொன்னவர்களை நானும் அறிவேன். ஒருவருக்குக் கல்லீரல் சரியானது. ஒருவர் ஆற்று வெள்ளத்தில் பைக்கோடு போய் நாணலைப் பிடித்துப் பிழைத்தார். ஒரு அக்காவின் மகன் பாம்பு கடித்தும் எழுந்து நடந்தான். அவர்களுக்கு நடுவில் நான் நின்றுகொண்டு, "எனக்கு ஸ்பானிஷ் இலக்கணத்தில் கூட்டு வினைக் காலங்கள் புரியவில்லை" என்று சொன்னால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் நான் பாம்பு கடித்தவள் மாதிரிதான் அழுதேன். அதை ஆண்டவர் பார்த்தார்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் அமலோற்பவம். ராயப்பன்பட்டியில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. உத்தமபாளையம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் பத்தொன்பது வருடமாகத் தமிழாசிரியை. என் வீட்டுக்காரர் சவரிமுத்து திராட்சைத் தோட்டம் பார்க்கிறார். நல்ல மனிதர். எதைச் சொன்னாலும் மறந்துவிடுவார், மறந்ததற்கு ஒரு சாக்கும் வைத்திருப்பார். இது எங்கள் தெருவுக்கே தெரியும்.

பள்ளி திறந்த மாதத்தில், பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்று பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கப்போவதாக அறிவித்தது. எங்கள் தாளாளருக்குப் பொறுக்கவில்லை. மறுவாரமே பள்ளி வாசலில் பெரிய பிளெக்ஸ் ஏறியது: "இங்கு ஸ்பானிஷ் கற்பிக்கப்படும்." அதில் ஒரு காளை மாட்டின் படம் வேறு. கட்டப்பனையிலிருந்து ஒரு பெண் வந்து பாடம் நடத்தினாள். கெட்டிக்காரப் பெண். இரண்டே மாதத்தில் அவளுக்கு ஸ்பெயினிலேயே வேலை கிடைத்துப் பறந்துவிட்டாள். பிளெக்ஸ் மட்டும் நின்றது.

தாளாளர் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், நீங்க லாங்குவேஜ் ஆளு. தமிழுக்கு இனி ஒரு டீச்சர் போதும்னு முடிவு பண்ணிட்டோம். நீங்க ஸ்பானிஷை எடுத்துக்கங்க."

"சார், எனக்கு அதுல ஒரு எழுத்துக்கூடத் தெரியாது."

"இங்கன யாருக்குத் தெரியும்? நீங்க சொல்றதுதான் ஸ்பானிஷ்."

நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் ஒரு பிள்ளையின் அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். அவருக்கு ஸ்பானிஷ் தெரியுமாம். அவர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனதும் தாளாளருக்குப் பயம் வந்துவிட்டது. கொடைக்கானல் கன்னியர் மடத்தில் ஸ்பெயின் நாட்டுச் சிஸ்டர் ஒருவர் இருக்கிறார், கார்த்திகை மாதக் கடைசியில் அவர் வந்து என்னைச் சோதிப்பார் என்றார். அவர் சரி சொன்னால் நான் ஆசிரியை. இல்லையென்றால் ஹாஸ்டல் பொறுப்பு.

"ஒண்ணும் கஷ்டமில்ல டீச்சர். பிள்ளைகளை எண்ணணும், கதவைப் பூட்டணும், அம்புட்டுத்தான்."

பத்தொன்பது வருடம் கரும்பலகை முன் நின்றவளுக்கு ஒரு பூட்டும் சாவியும். அன்று பஸ்ஸில் வரும்போது வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

படித்தேன். பெயர்ச்சொல் வந்தது. நிகழ்காலம் வந்தது. சாதாரண இறந்தகாலம்கூடத் தட்டுத்தடுமாறி வந்தது. கூட்டுக் காலங்கள் என்ற பாடத்துக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது. என் புத்தகம் இங்கிலீஷ் வழியாக ஸ்பானிஷ் சொல்லிக்கொடுப்பது. "ஐ ஹேவ் ஈட்டன்" என்று போட்டிருந்தது. ஹேவ் என்றால் என்னிடம் உண்டு என்று அர்த்தம். அகராதியைப் பார்த்தேன். என்னிடம் உண்டு என்பதற்கு ஸ்பானிஷில் "தெங்கோ." சாப்பிட்டது என்பதற்குக் "கொமீதோ." ஆகவே "தெங்கோ கொமீதோ" என்று நோட்டில் எழுதி, சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"இப்ப எதுக்கு தேங்கா?" என்றார் என் வீட்டுக்காரர்.

அடுத்த பக்கத்தில் புத்தகம் அது தப்பு என்றது. இதற்கு வேறு ஒரு வினை இருக்கிறதாம். அதற்கும் ஹேவ் என்றுதான் அர்த்தமாம், ஆனால் உடைமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லையாம். சம்பந்தமில்லை என்றால் அந்தச் சொல் அங்கே என்னத்துக்கு நிற்கிறது என்று அந்த ஆசிரியர் கடைசிவரை சொல்லவில்லை. அந்த வினையின் வடிவங்களைக் கேளுங்கள்: ஏ, ஆஸ், ஆ, ஏமோஸ், ஆன். நான் காலையில் பல் விளக்கிவிட்டுக் கொல்லையில் உலாத்திக்கொண்டே, "ஏ... ஆஸ்... ஆ..." என்று மனப்பாடம் செய்வேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு லூர்து அக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"என்னத்தா, பல்வலி தாங்கலையா? ஒரு கிராம்பை வச்சுக் கடியேன்."

பல்வலி இல்லை, பாடம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. மறுநாள் கோயில் எண்ணெய் கொடுத்தனுப்பினார்.

நான் அந்தோணியாருக்கு ஒன்பது செவ்வாய் நவநாள் நேர்ந்துகொண்டேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் அவர். எனக்கு வேலையே காணாமல் போகப் பார்க்கிறது. இப்போது உண்மையைச் சொல்ல வேண்டும். நான் செபித்த செபங்கள் நல்ல செபங்கள் அல்ல. முதல் இரண்டு செவ்வாய், கட்டப்பனைப் பெண்ணின் விசா ரத்தாகி அவள் திரும்பி வரட்டும் என்று கேட்டேன். அடுத்த நான்கு செவ்வாய், அந்தப் பிளெக்ஸ் காற்றில் கிழியட்டும் என்று கேட்டேன். மழை பிடித்ததும், கொடைக்கானல் மலைப்பாதையில் மண் சரியட்டும் என்று கேட்டேன். யாருக்கும் அடிபடக்கூடாது, சிஸ்டர் வருகிற அன்று மட்டும் ரோடு மறித்தால் போதும் என்று சேர்த்துக்கொண்டேன். இதை எல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். சாமியார் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் இருமினார்.

ஒன்பதாம் செவ்வாய் வந்தது. வியாழக்கிழமை சோதனை. மண் சரியவில்லை. பிளெக்ஸ் கிழியவில்லை. சாயங்காலம் பள்ளி விட்டு நேராகக் கோயிலுக்குப் போய் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். எனக்குக் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. "ஆண்டவரே, எனக்குப் புரியவில்லை. புரிய வையும்" என்று மட்டும் சொன்னேன். நாற்பத்தாறு வயதுக்காரி, முன்வரிசை பெஞ்சில் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

வீட்டுக்கு வந்தேன். என் மூக்குக்கண்ணாடியின் கால் ஒடிந்து, சரிபண்ண உத்தமபாளையத்தில் கொடுத்திருந்தோம். அது இல்லாமல் புத்தகத்தில் ஒரு வரி தெரியாது. அன்று காலை என் வீட்டுக்காரர் மருந்தடிக்கிற மிசினைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தபோது, கண்ணாடியை வாங்கி வாருங்கள் என்று மூன்று தடவை சொல்லியிருந்தேன். அவர் உத்தமபாளையம் போயும் வந்திருந்தார். கண்ணாடி எங்கே என்று கேட்டேன்.

"நீ காலையிலயே சொல்லியிருந்தா நான் வாங்கிட்டு வந்திருப்பேன்ல?" என்றார்.

எனக்கு ஏறியது பாருங்கள் கோபம். அடிவயிற்றிலிருந்து வாய் வரைக்கும் வந்துவிட்டது. வந்தது அப்படியே நின்றுவிட்டது.

சொல்லியிருந்தா. வந்திருப்பேன்.

இதில் யார் எங்கே இருந்தார்கள்? ஒருவரும் இருக்கவில்லை. "இரு" என்கிற வினை தன் சொந்த அர்த்தத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் காலத்தை மட்டும் சுமக்கிறது. "சொல்லி" மாறாமல் நிற்கிறது. பக்கத்தில் இருக்கிற "இரு"தான் இருக்கிறேன், இருந்தேன், இருப்பேன் என்று மாறுகிறது. துணைவினை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பத்தொன்பது வருடமாக நானே நடத்துகிற பாடம். ஸ்பானிஷ்காரர்களின் ஏ, ஆஸ், ஆவும் அதே வேலையைத்தான் செய்கிறது. இங்கிலீஷ் என்ற சுவர் நடுவில் நின்றதால் நான் பார்க்கவில்லை.

"இப்பச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.

"கோவிச்சுக்காத. நாளைக்குக் கண்டிப்பா வாங்கியாந்துர்றேன்."

"நாளைக்கு வேண்டாம். முதல்ல சொன்னதைச் சொல்லுங்க. வேற சாக்கு இருந்தாலும் சொல்லுங்க."

அவர் வாசலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் நோட்டைத் திறந்து பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். பயந்துபோய், கையில் இருந்ததை எல்லாம் கொட்டினார்.

"கடைக்காரரு வெளியூரு போயிருக்காக."

ஆன் ஈதோ. போயிருக்கிறார்கள்.

"நான் போறப்பக் கடையைப் பூட்டியிருந்தாக."

ஆபீயான் செர்ராதோ. பூட்டியிருந்தார்கள்.

"இந்நேரம் திறந்திருப்பாக."

ஆப்ரான் ஆபியெர்த்தோ. திறந்திருப்பார்கள். ஊகத்துக்குக்கூட ஸ்பானிஷ்காரர்கள் இதே காலத்தைத்தான் வைக்கிறார்கள். நாம் ஒரே "இருப்பேன்" வைத்துச் சமாளிக்கிற இடத்தில் அவர்களுக்கு ஊகத்துக்கு ஒன்று, நடக்காமல் போனதற்கு ஒன்று என்று இரண்டு வடிவம், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு மணி நேரத்தில் பாடம் முழுவதும் முடிந்தது. எங்கள் கல்யாணத்திலிருந்து அவர் சொன்ன சாக்குகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு, கண்ணாடி இல்லாததால் கொட்டை எழுத்தில், ஸ்பானிஷில் எழுதினேன். ஒரு காலமும் விடுபடவில்லை.

வியாழக்கிழமை சிஸ்டர் வந்தார். எழுபது வயதைத் தாண்டிய சின்ன உருவம், காதில் கேட்கும் கருவி, சத்தமான பேச்சு. பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். தாளாளர் கதவோரம் நின்றார். நான் பாடம் நடத்தி முடித்ததும் சிஸ்டர் ஸ்பானிஷில் கேட்டார்: "இன்றைக்கு நான் வராமல் இருந்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?"

"ஆப்ரீயா தோர்மீதோ பியென்" என்றேன். நன்றாகத் தூங்கியிருப்பேன்.

சிஸ்டர் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார். ஒன்றும் புரியாத தாளாளரும் சிரித்தார். உங்களுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று சிஸ்டர் கேட்டார். "மி மரீதோ", என் வீட்டுக்காரர் என்றேன். அவருக்கு ஸ்பானிஷ் தெரியுமா? தெரியாது. அப்படியானால் அவர் என்னதான் செய்திருக்கிறார்?

"நோ ஆ ஏச்சோ நாதா." அவர் ஒன்றுமே செய்ததில்லை. துணைவினை சரியாக விழுந்ததில் எனக்கு ஒரே பெருமை.

சிஸ்டர் தாளாளர் பக்கம் திரும்பி, தமிழில், "இந்த அம்மா போதும்" என்றார்.

தாளாளர் என் காதருகே வந்தார். "போதும்னா என்ன டீச்சர், வேணாம்னு சொல்றாகளா?"

"வேறு ஆள் தேட வேண்டாம்" என்று சிஸ்டரே சத்தமாகச் சொல்லிவிட்டார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இத்தோடு என் சாட்சி முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் சிஸ்டருக்கு, ஒன்றும் செய்யாமல் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்த அந்த மனிதரைப் பார்க்க வேண்டுமாம். நம் மாதா கோயிலையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் திராட்சையைக் கழுவித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு இடப்பக்கம் நின்று, "சிஸ்டருக்கு நாற்காலி எடுத்துப் போடுங்க" என்றேன். அவர் அசையவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். திராட்சையையே அடுக்கிக்கொண்டிருந்தார். விருந்தாளி முன்னாலேயே வாயைத் திறந்தேன். சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நோ லா ஆ ஓயீதோ."

பழக்கதோஷத்தில் முதலில் இலக்கணம்தான் ஓடியது. ஆ ஓயீதோ, படர்க்கை, நிகழ்கால முற்று. அப்புறம்தான் அர்த்தம் வந்தது. நீங்கள் சொன்னது அவர் காதில் விழவில்லை.

சிஸ்டர் தன் காதுக் கருவியைத் தொட்டுக் காட்டினார். பிறகு என் வீட்டுக்காரரின் வலப்பக்கம் போய், மெதுவாகத்தான், "சவரிமுத்து" என்றார். அவர் உடனே திரும்பிச் சிரித்தார்.

தேனியில் டாக்டரிடம் போனோம். இடது காது. மருந்தடிக்கிற மிசின் சத்தம். "நாலஞ்சு வருசமாவே இருந்திருக்கும்மா" என்றார் டாக்டர். அந்த வினையை நான் பிரித்துப் பார்க்கவில்லை. அங்கேயே அழுதேன். நீ சொல்லியிருந்தா வாங்கிட்டு வந்திருப்பேன் என்று அந்த மனிதர் எத்தனை தடவை சொல்லியிருப்பார். நான் எத்தனை தடவை அதைச் சாக்கு என்று சொல்லித் தெருவே கேட்கத் திட்டியிருப்பேன்.

"ஏ, அழாத" என்றார் அவர். "நீ திட்டுனதுல பாதிதான் காதுல விழுந்துச்சு. முழுசாக் கேட்டிருந்தா எப்பவோ சாமியாராப் போயிருப்பேன்."

உறவுகளே, இப்போது அவருக்குக் கருவி மாட்டியிருக்கிறோம். நான் கத்துவதை விட்டுவிட்டேன், முழுக்க விட்டுவிட்டேன் என்று சொன்னால் லூர்து அக்கா மறுப்பார், பெரும்பாலும் விட்டுவிட்டேன். பள்ளியில் ஸ்பானிஷ் நடத்துகிறேன், பிள்ளைகள் வீட்டுச் சாக்குகளை எழுதிக்கொண்டு வந்து காலம் கண்டுபிடிக்கிறார்கள். உங்கள் கஷ்டம் சின்னது, கேட்டால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று ஆண்டவரிடம் சொல்லாமல் இருக்காதீர்கள். மண் சரியட்டும் என்றெல்லாம் சுற்றி வளைக்காமல், எனக்குப் புரியவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவர் பதில் கொடுப்பார். அது நீங்கள் காது கொடுக்காத வாயிலிருந்து வரலாம். நான் ஒரு வினைச்சொல் புரிந்தால் போதும் என்றுதான் கேட்டேன், அவர் அதோடு விடவில்லை.

ஆண்டவருக்கும் அந்தோணியாருக்கும் நன்றி. என் வீட்டுக்காரருக்கும் நன்றி. அவர் ஒன்றும் செய்ததில்லை என்று நான் சொன்னது தப்பு. இதை அவருடைய வலப்பக்கம் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டிய பிறகுதான் பங்கு மடலுக்குக் கொடுக்கிறேன்.