தலையணை மாறிய நீலம்

நான்தான் மாற்றி வைத்தேன். என் கணவரின் தலையணைக்குக் கீழே இருக்க வேண்டிய நீலக்கல்லை எடுத்து, என் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டவள் நானேதான். இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நீலம் ஒத்துக்கொண்டால் அள்ளிக் கொடுக்கும், இல்லாவிட்டால் ஆளையே கவிழ்த்துவிடும் என்பார்கள். அதனால்தான் மோதிரத்தில் பதிப்பதற்கு முன் தலைமாட்டில் வைத்துத் தூங்கிப் பார்ப்பது வழக்கம். கெட்ட கனவு வந்தால் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தேக்கா கடைத்தெருவில் கல் விற்றவரும் அதைத்தான் சொன்னார்.

என் கணவரோ சாதாரண நாளிலேயே தூக்கத்தில் அலறுகிறவர்! கல் எங்கே தேறப்போகிறது? அப்புறம் பூன் லே தொழிற்சாலையில் அந்த சூப்பர்வைசர் வேலை? கல் போட்டால் கிடைக்கும் என்று ஜோசியர் சொன்ன வேலை? அவரைவிட எனக்குத்தான் அதில் ஆசை.

அன்றிரவு கல்லை அவர் தலையணைக்குக் கீழே நானே வைத்தேன். அவர் கண்ணயர்ந்ததும் அதை எடுத்தேன். அவர் விழிப்பதற்குள் திரும்ப வைத்தேன். நடுவில் நான் சுகமாகத் தூங்கினேன்... அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

"கனவே வரல, ஒத்துக்கிச்சு லா!" என்று காலையில் குதித்தார். சனிக்கிழமை நடுவிரலில் மோதிரம் ஏறியது.

வேலை கிடைத்தது. கிடைத்த சூட்டோடு தொழிற்சாலைப் படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. இன்று புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே இருக்கும் காப்பிக் கடைக்குப் போகக்கூட அவருக்குக் கைத்தடி வேண்டும்.

படி ஈரமாக இருந்ததாம். இருக்கட்டுமே! தினமும் கழுவிவிடும் படிதானே? அன்றைக்கு மட்டும் ஏன்? கல்லா? கடைக்காரர் எதையாவது தலையில் கட்டிவிட்டாரா? இல்லை... நானா? அவர் இருமினாலும் என் கண் அந்த விரலுக்குத்தான் போகிறது.

"கழட்டி வச்சிடுங்களேன், விரல் வீங்கியிருக்கு" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"பைத்தியமா உனக்கு? இந்தக் கல்லு இல்லன்னா அன்னைக்கு உசுரே போயிருக்கும்!"

உண்மையைச் சொன்னால் மோதிரத்தைக் கழற்றுவார். அதற்கப்புறம் என்னை எப்படிப் பார்ப்பார்? அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். அவர் உடம்பைவிட என் மானம் எனக்குப் பெரிதாகிவிட்டது... சீ!

இன்று எங்கள் மகளுக்கும் ஒரு நீலம் வாங்கி வந்துவிட்டார். அவளுக்கும் சனி திசையாம். பொட்டலத்தை என் கையில் திணித்து, "நீயே அவ தலகாணிக்குக் கீழ வை. உன் கைராசிலதான எனக்கு ஒத்துக்கிச்சு" என்றார்.

அவள் படுத்துவிட்டாள். பொட்டலம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. வைத்தாலும், நாளைக் காலையில் அவள் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாலும், கல் அவளுக்கு ஒத்துக்கொண்டது என்று என்னால் நம்ப முடியாது.